இருமிய சட்டைகள்

அந்தத் தொழிற்சாலையில் தைத்த சட்டைகள் இருமத் தொடங்கியது மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு. முதலில் இருமியது ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை. அதை மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்து மேசைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரி இவளைப் பார்த்தாள். மதியத்துக்குள் அட்டைப்பெட்டி முழுக்க லொக்கு லொக்கென்றது.

காரணம் காஜாக்காரிக்குத் தெரியும். பட்டன் துளைகளுக்குக் காஜா அடிப்பவள் என்பதால் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன், தெருப்புகை வெள்ளைத் துணியில் படிகிறது என்று மேனேஜர் மூன்றாம் மாடி ஜன்னல்களை ஆணியடித்து மூடினார். வெளித்தூசி நின்றது, உள்ளே பறந்த பஞ்சுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. அங்கே தைத்த நூற்றிருபது பேரும் இருமினார்கள். இருமினால் தையல் கோணுகிறது என்று, வேலை நேரத்தில் இருமக் கூடாதென மேனேஜர் எழுதி ஒட்டினார். பெண்கள் இருமலை விழுங்கிக்கொண்டு தைத்தார்கள். விழுங்கியது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? துணிக்குள் போயிற்று. இரண்டு சின்னது, ஒரு நீளம் என்று வரும் தன் தங்கச்சியின் இருமலை ஒரு நீலக்கோட்டுச் சட்டைக்குள் கேட்டபோது காஜாக்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். தங்கச்சி பிசிறு வெட்டும் மேசையில் இருந்தாள். அப்போதெல்லாம் மாடி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். பஞ்சுப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலையை யார் கொடுப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரி தன் ஒற்றை அறை வீட்டில் சங்கம் ஆரம்பித்தாள். பதினொரு பேர் வந்து கட்டிலிலும் அரிசி டின் மேலுமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புதன்கிழமை செய்தி மேனேஜர் காதுக்கு எட்டியது. வியாழக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. அன்று முதல் தங்கச்சியைக் கூட்டிப் போக மட்டும் கேட்டுக்கு வந்து நிற்பாள்.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. சட்டைகளை இரண்டு முறை தேய்க்கச் சொன்னார். ஆவி பட்டு நெஞ்சு இளகி அவை முன்னைவிட நன்றாக இருமின. பைக்கு ஒன்றாக இருமல் மிட்டாய் வைத்துப் பார்த்தார். கடைசியில் பெட்டிகளை இறுக்கி ஒட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டு, பீடை ஒழிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

கடலுக்கு அந்தப் பக்கம் கிடங்கில் பெட்டி பிரிப்பவளுக்கு அது என்ன இருமல் என்று உடனே தெரிந்துவிட்டது. அவள் அம்மா இருபத்திரண்டு வருடம் நூற்பாலையில் இருந்தவர். அங்கே ஆலைகளை மூடிப் பல காலமாயிற்று; சங்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை. நூறு வருடத்துக்கும் முன்னால் பல நாட்டு நெசவாளர்கள் ஒரே மண்டபத்தில் கூடி, மொழிபெயர்ப்பவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சண்டை போட்டு, கூட்டாகச் சேர்ந்த சங்கம் அது. போர்களில் பிரிந்து, பிறகு ஒட்டி, தையல்காரர்களையும் தோல் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டதில் பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாகிவிட்டது. அவள் ஒரு சட்டையை அந்த அலுவலகத்துக்கு அனுப்பினாள். கூட்டத்தில் மேசைமேல் வைத்தார்கள். சட்டை இருமியது. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

தைக்கிற இடத்துக்குக் காற்று வரும்வரை பெட்டியைத் தொடமாட்டோம் என்று கிடங்குப் பெண்கள் கை கட்டி உட்கார்ந்தார்கள். 'இருமுகிறவர்களுக்கு' என்று முகவரியிட்டு, நாங்களும் உங்கள் சங்கம்தான் என்று ஒரு கடிதமும் தொழிற்சாலைக்கு வந்தது. தபால்காரர் கேட்டில் நின்ற காஜாக்காரியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் சட்டைகள் துறைமுகத்தில் குவிந்து இருமின. நாலாவது வாரம், சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் விமானத்தில் வந்து இறங்க, மேனேஜர் காஜாக்காரியை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க சங்கத்துல மொத்தமே பதினொரு பேர்னு சொன்னாங்களேம்மா?"

"இங்க பதினொரு பேர் சார். மத்தவங்க வெளியூர்ல இருக்காங்க."

மறுநாள் தச்சர் வந்து ஆணிகளைப் பிடுங்கினார். ஒரு பிற்பகல் முழுக்கப் பிடித்தது. கடைசி ஜன்னல் திறந்ததும், நூற்றிருபது பேரும் ஒரு வருடமாக அடக்கியதை ஒரேயடியாக இருமித் தீர்த்தார்கள். தெருவில் போனவர்கள் லாரி கவிழ்ந்ததோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அமைதி. தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மூச்சு உள்ளே போய், வழியில் எங்கும் தடுக்காமல் வெளியே வந்தது.

"ஜில்லுனு இருக்குக்கா."

வேலை திரும்பக் கிடைத்து மறுபடி இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த காஜாக்காரி தலையை ஆட்டிவிட்டு, அடுத்த துளைக்குத் துணியைத் திருப்பினாள்.

சட்டைகள் ஒரு மாதத்தில் குணமாயின. சங்கம் நூற்றுப் பதினாறு பேராக வளர்ந்தது. தங்கச்சி கல்யாணமாகி நாலாம் மாடியில் குடியிருக்கிறாள். காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறுகிறாள். ஏழெட்டு வருடம் கழித்து, காஜாக்காரி கடைத்தெருவில் தன் வீட்டுக்காரருக்குக் கால்சட்டை ஒன்று எடுத்தாள். வேறு ஏதோ நாட்டில் தைத்தது. பிரித்துப் பார்க்கும்போது அது முழங்கால் பக்கம் மெல்ல முனகியது.

"வேற காட்டட்டுமாக்கா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம், இதையே மடிச்சுக் குடுங்க. உட்கார நாற்காலி குடுக்கல போல, பாவம்," என்றாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இடுப்புப்பட்டிச் சீட்டில் இருந்த நாட்டின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, சங்க ஆபீஸ் பக்கம் நடந்தாள்.