ரெண்டு தட்டினால் நிறுத்தணும்

படகு ஏற்றிய ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும் டிரைவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. நடுக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு படகின் மூக்கு நிற்கும். ஒரு பக்கக் கண்ணாடியில் படகின் வயிறு. மறுபக்கக் கண்ணாடியில் படகின் வயிறும், போனால் போகிறதென்று ஒரு சாண் தரையும். ட்ரெய்லர் லேசாகத் திரும்பினால் அந்தச் சாண் தரையும் காணாமல் போகும். போதாக்குறைக்கு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பாதிப்பேர் இந்த ஒரு விஷயத்தில் தலை கிறுகிறுத்து ஓடியிருக்கிறார்கள்.

அவன் ஓடாதவன். ஒரு படகுக் கொட்டகையில் பதினொரு வருட டிரைவர். வாடிக்கையாளர்களின் படகுகளைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் இறக்கவேண்டும், சாயங்காலம் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்து விடவேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவின் ஓரத்தில் ஓர் இரும்புத் தூண் இருந்தது. எந்தக் காலத்திலோ எதற்கோ நட்டது. பிடுங்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தார்கள். அந்தத் தூணுக்காகவே படகின் பின்னால் நின்று வழி சொல்ல ஓர் ஆள் எப்போதும் உண்டு. முன்பு இருந்தவர் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி வைத்திருந்தார். கொடி கண்ணாடியில் தெரிந்தால்தானே! கத்திச் சொன்னாலும் எஞ்சின் சத்தத்தில் பாதி அமுங்கிவிடும். அவர் வேலையை விட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார்.

அந்த வேலையைத்தான் டிரைவரின் மனைவி கேட்டாள். அதே கொட்டகையின் பின்பக்க அறையில் ஒன்பது வருடமாகப் படகுகளுக்குக் கான்வாஸ் உறை தைப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் தையலக்கா.

"குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு சார். வெளிக்காத்துல நிக்கிற வேலை குடுங்க," என்றாள் மேனேஜரிடம்.

மேனேஜர் சட்டைப்பையில் அளவு டேப் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் டேப். "கொடி காட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கொடியே வேணாம் சார். தெரியாத எடத்துல எதுக்குக் கொடி? படகோட வயித்துல கையால தட்டுவேன். ஒண்ணு தட்டினா வரலாம். ரெண்டு தட்டினா நிறுத்தணும். டிரைவர் கண்ண மூடிக்கிட்டு வந்தாலும் சரி."

ஃபைபர் படகின் வயிறு உள்ளே வெறும் கூடு. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் தொம்மென்று டிரைவர் சீட்டு வரைக்கும் கேட்கும். மேனேஜருக்கு யோசனை பிடித்துப்போனது. பத்து நாள் பார்க்கலாம், சரிவந்தால் வேலை உங்களுக்கு என்றார்.

ஏழு நாளில் ஒரு படகுக்கும் ஒரு கீறல் விழவில்லை. மற்ற நான்கு வண்டி டிரைவர்களும் தையலக்கா நின்றால்தான் வண்டியை எடுப்போம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டிரைவருக்கு அதில் பெருமைதான். பெருமைக்கு அடியில் ஏதோ ஒன்று உறுத்தவும் செய்தது. பதினொரு வருடமாகத் தூணில் உரசாமல் இறக்கிய அவனை யாரும் புகழ்ந்ததில்லை. ஏழு நாளில் இவளுக்கு இவ்வளவு பேரா?

எட்டாவது நாள் சனிக்கிழமை. சரிவில் வரிசையாக ஐந்து வண்டி. ட்ரெய்லரில் இருந்தது ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரின் புத்தம்புது வெள்ளைப் படகு. அது அதுவரை தண்ணீரையே தொட்டதில்லை. ஹெட்மாஸ்டர் மீன்பிடிக்கும் தூண்டிலோடு கரையில் நின்றிருந்தார்.

அடுத்த வண்டியின் டிரைவருக்குப் பட்டப்பெயர் மீசை. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "என்னப்பா, வீட்டுலயும் தட்டினாத்தான் நிப்பியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்துவைத்தான். காது சூடாகியது.

ஒற்றைத் தட்டு கேட்டது. வண்டி பின்னுக்கு நகர்ந்தது. மறுபடி ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம். கண்ணாடியில் இருந்த சாண் தரை மறைந்தது. அப்போது தொம், தொம் என்று இரண்டு தட்டு விழுந்தது. தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக.

இன்னும் ஒரு முழம் இருக்கு, எனக்குத் தெரியாதா என்று நினைத்தான். பிரேக்கின் மேலிருந்த காலை எடுத்தான். அவ்வளவுதான். ஒரு விநாடிகூட இருக்காது. பின்னால் வாழைத்தண்டு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

இறங்கிப் போய்ப் பார்த்தால் படகின் பின்மூலை தூணில் ஏறி உட்கார்ந்திருந்தது. மேனேஜர் ஓடிவந்து டேப்பை எடுத்து விரிசலை அளந்தார். பதினோரு அங்குலம். ஹெட்மாஸ்டர் படகைத் தடவிக்கொடுத்தார், கீழே விழுந்த குழந்தையைத் தடவுவது போல.

"எத்தனை தட்டு?" என்றார் மேனேஜர். வரிசை வண்டிகளின் எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் தட்டு கேட்டிருக்கவில்லை.

யோசித்துப் பேசியிருந்தால் டிரைவர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். வாய் முந்திக்கொண்டது. "ஒண்ணுதான் சார் கேட்டுச்சு."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தட்டினேன் சார்," என்றாள் அவள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். பதினேழு வருடம் பார்த்த முகம். அதில் பொய் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "தட்டினேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னா என்னம்மா அர்த்தம்? தட்டினீங்களா, தட்டலியா?"

"அவருக்குக் கேக்கலன்னா... ஒருவேளை தட்டாம விட்டுட்டேனோ என்னவோ சார்."

அன்றைக்கே அவளைத் தையல் அறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் மேனேஜர். ஒரு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையிலிருந்து வேறொரு ஆள் வருவதாகவும், அதுவரை டிரைவர்களே மாறிமாறி நிற்பதாகவும் ஏற்பாடு. டிரைவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீசைகூட முதுகில் தட்டி, "விடுப்பா, நீ என்ன பண்ணுவ," என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் சண்டை பிடிப்பாள், அப்போது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று எண்ணியிருந்தான். அவள் சண்டையே பிடிக்கவில்லை. அடுப்படியில் நின்று தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கூடத்தில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"இல்லடி, தப்பு என் மேலதான். பாவம் அவரு. பதினொரு வருஷமா ஒரு சொல்லு வாங்காத மனுஷன், என்னால எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நின்னாரு... இல்ல, ஒரு வார்த்தை திட்டல. மூஞ்சியக்கூடச் சுளிக்கல. நான்னா அந்த எடத்துல கத்தியிருப்பேன்."

அந்த முனையில் தங்கச்சி, அப்படி ஒரு மாமா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கணும் என்று சொல்லியிருக்கவேண்டும். "ஆமா, அத மட்டும் சொல்லு," என்று இவள் சிரித்தாள். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் சொல்லிவிடலாம் என்று இருந்தான். திங்கள் அவளுக்குத் தலைவலி. செவ்வாய் சொல்லிவிடலாம் என்று இருந்தான். செவ்வாய் அவள் சிரித்த முகமாக இருந்தாள், கெடுப்பானேன் என்று விட்டான். காரணம் தேடுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? அவள் தைக்கிற அறையைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போகவேண்டும். அதற்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனான்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"நில்லுங்களேன். நான் பீரோவுல தட்டுறேன். எத்தனைன்னு நீங்க சொல்லணும்."

நின்றான். தொம்.

"ஒண்ணு."

தொம், தொம்.

"ரெண்டு."

தொம், தொம்.

"ரெண்டு," என்றான்.

"நல்லாக் கேக்குதா? ரெண்டாவது மெதுவா விழுதா?"

"நல்லாத்தான் கேக்குது."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் விழல?" சுவரைப் பார்த்து நின்றவனுக்கு அவள் முகம் தெரியவில்லை. அது ஒரு சௌகரியம் என்று அவன் மனசு நினைத்தது. நினைத்ததற்காகவே அதன்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. "கையில ஏதோ கோளாறுங்க. ஊசி பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போகுது. தட்டினதா எனக்குத் தோணுது, ஆனா தட்டல. டாக்டர்கிட்ட காட்டணும்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது."

"உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. கை என்னோடது."

சனிக்கிழமை மதியம் இருவரும் போனார்கள். பதினான்காம் நம்பர் டோக்கன். அவள் மடியில் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாருடைய பொருளையோ பத்திரமாக வைத்திருப்பவள் மாதிரி.

டாக்டரம்மா விரல் ஒவ்வொன்றையும் மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். எல்லாவற்றையும் அவள் சரியாகச் சொன்னாள்.

"கை ரொம்ப நல்லா இருக்கும்மா. கவலையே வேணாம்."

கேட்டவுடன் அவள் மகிழ்ந்துபோவாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அவள் முகம் வெளிறிவிட்டது.

"கை நல்லா இருக்குன்னா, அப்ப தலையிலதான் ஏதோ இருக்கு டாக்டர். செய்யாததைச் செஞ்சதா நினைக்கிறேன். எங்கம்மாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆரம்பிச்சது. அடுப்பை அணைச்சுட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். எனக்கு நாப்பதுதான் ஆகுது டாக்டர். இவ்வளவு சீக்கிரம் வருமா அது?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "வேற என்னென்ன மறக்குது? சொல்லுங்க."

"அவ ரெண்டு தட்டினா டாக்டர்," என்றான் டிரைவர்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "என்ன தட்டினாங்க?"

"ரெண்டு தட்டு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் நிறுத்தல. மறதி கிறதி எதுவும் இல்ல. எழுதாதீங்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார். "அடுத்த டோக்கனை வரச்சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் நாலடி முன்னால் நடந்தாள். அவன் கூடவே போகவும் முடியாமல் பின்தங்கவும் முடியாமல் வந்தான். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"மீசை சிரிச்சானே, அதுக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவன் சிரிச்சதுக்கு அவன்கிட்டல்ல கோவப்படணும்?"

"ஆமா."

"ஆமாவாம் ஆமா. படகு உடைஞ்சது போகட்டும். வேலை போனதுகூடப் போகட்டும். ஒரு வாரமா என் கையை நானே நம்பல. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பை அணைச்சோமான்னு பாத்தேன். நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. தூங்கல, எனக்குத் தெரியும். முழிச்சுக்கிட்டு பாத்துட்டே இருந்தீங்க."

மன்னிச்சுக்கோ என்றான்.

"என்கிட்ட டாக்டர் ரூம்ல சொன்னா ஆச்சா? எங்க நின்னு பொய் சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. எத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீங்களோ அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சரிவில் கூட்டம் சேரும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டான். தையல் அறையிலிருந்து அவளும் வந்து ஓரமாக நின்றாள். வண்டிகளின் எஞ்சினை அணைக்கச் சொன்னான். என்னவோ ஏதோ என்று எல்லோரும் அணைத்தார்கள்.

"போன வாரம் சனிக்கிழமை அவ ரெண்டு தட்டினா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வேணும்னேதான் காலை எடுத்தேன். ஒண்ணுன்னு சொன்னது பொய்."

நான்கு வரிதான். முந்தின நாள் ராத்திரியிலிருந்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறான். இறங்கவில்லை.

மீசை தொண்டையைச் செருமினான். "அடப்பாவி," என்றான். அதில் கிண்டல் இல்லை. பிறகு கீழே பார்த்துக்கொண்டான். அவனுக்கும் எங்கேயோ குத்தியிருக்கவேண்டும்.

மேனேஜர் கையை நீட்டினார். "சாவி."

டிரைவர் வண்டிச் சாவியைக் கொடுத்தான்.

"உன்னை இப்பவே அனுப்பணும். பதினொரு வருஷத்துக்காகப் பாக்குறேன். மூணு மாசம் படகு கழுவு. ஸ்டியரிங் பக்கம் உன்னைப் பாக்கக்கூடாது. அதுக்கப்புறம் யோசிப்போம்." மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நான் கேட்ட விதமும் தப்புதாம்மா. நாளைக்கு வர்ற ஆளை வேணாம்னு சொல்லிடறேன். நீங்க இப்பவே நிக்கலாம்."

"நிக்கிறேன் சார்," என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மூணு மாசம் கழிச்சு அவருக்கு வண்டி குடுத்தாலும், அவரு வண்டிக்கு நான் நிக்க மாட்டேன். மத்த எல்லாருக்கும் நிப்பேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் கணவன் பக்கம் பார்க்கவில்லை. "தெரியல சார். தெரிஞ்சா சொல்றேன்."

எஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்றன. மீசையின் ட்ரெய்லருக்குப் பின்னால் அவள் போய் நின்றாள். டிரைவர் கொட்டகைக்குப் போய் ரப்பர் குழாயை எடுத்து, ஒட்டுப்போட்டு வைத்திருந்த வெள்ளைப் படகைக் கழுவ ஆரம்பித்தான். ஹெட்மாஸ்டர் பதினோரு மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் இன்னும் பழைய பொய்யைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவரிடமும் முதலிலிருந்து சொல்லவேண்டும். மணி ஒன்பதே முக்கால்.