உட்கார்ந்து பார்த்தவர்

"சம்பளமே குடுக்க மாட்டாங்கன்னா, தாத்தா என்னப்பா தப்பு பண்ணாரு?"

வெளிநாட்டில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போன அவன் அப்பாவைப் பற்றி மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவர்களைத்தான் சும்மா வேலை வாங்குவார்கள்; பலகை துடைக்கவும் பெஞ்சு நகர்த்தவும் விடுவார்கள். அந்தக் கணக்கில் கேட்டுவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தாத்தா அங்க பெரிய ஆலோசகர்மா. யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"அப்படியா மாப்பிள்ளை? சொல்லவே இல்லையே!" என்றார் மாமனார்.

அன்றைக்கு நட்ட பொய் நன்றாகவே வேர்பிடித்தது. அவன் மேலாளராக இருந்த வங்கிக் கிளையிலும், உறவுக்காரர்களின் கல்யாண வீடுகளிலும் அப்பா வெளிநாட்டு ஆலோசகர் ஆகிவிட்டார். இப்போது, அப்பா இறந்து மூன்றாம் நாள் காலை, அந்த வெளிநாட்டுப் பிணவறை வாசலில் ஒரு படிவம் அவன் கையில் இருந்தது. 'இறந்தவரின் தொழில்' என்ற கட்டத்தின்மேல் பேனா நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதிக் கொடுத்தான். அது பொய்யில்லை. ஆனாலும் எழுதிய கை கூசியது.

அப்பா முப்பத்தைந்து வருஷம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அம்மா போனபிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தானே கடிதம் போட்டு, அறுபத்தைந்தாம் வயதில் கிளம்பி வந்துவிட்டார். தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் ஏற்பாடு. மருத்துவமனைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. பல ஊர்களிலிருந்து தானமாக வரும் பழைய சக்கர நாற்காலிகளைப் பிரித்து, பழுது பார்த்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற இடம்.

அப்பாவின் உடலோடு ஊர் திரும்பும் விமானம் இரவு ஒன்பது மணிக்கு. அதற்குள் அப்பாவின் சாமான்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் பட்டறைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. வேலை நடக்கவில்லை. பொறுப்பாளர் அம்மாள் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அந்த நாட்டிலேயே பிறந்தவள். தமிழ் மட்டும் வீட்டிலிருந்து வந்தது.

"வாங்க தம்பி. உங்க முகத்தைப் பாக்கவே எனக்குத் தெம்பில்ல. இதைப் படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. நிர்வாகத்துக்குப் போகணும்."

ஒரே பக்க அறிக்கை. அப்பா காலை எட்டு மணிக்குச் சோதனைக்காக நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் ஒன்றரைக்குத்தான் அவர் உயிரோடு இல்லை என்பது தெரிந்தது. அதுவரை அவரை யாரும் எழுப்பிப் பார்க்காதது முழுக்க முழுக்கத் தன் கவனக்குறைவு. ஆகவே பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

"சோதனைன்னா?"

"உங்ககிட்ட சொல்லலையா? நாற்காலி சரியாயிடுச்சுன்னா அவரே ஒரு முழு நாள் அதுல உக்காருவார். எட்டு மணி நேரம். எந்திரிக்கவே மாட்டார். சாப்பாடு, டீ எல்லாம் அங்கதான். 'வாங்கிட்டுப் போறவங்க இதுலயேதான்மா வாழப் போறாங்க, நாம ஒரு நாள் உக்காரக் கூடாதா'ம்பார். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பார், எங்க உறுத்துதுன்னு பாக்க. அப்போ பேச்சுக் குடுத்தா கோவம் வந்துடும். அதனால நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், மாமா கண்ணை மூடியிருந்தா யாரும் கிட்டப் போகாதீங்கன்னு."



அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அப்பா பேசும்போதெல்லாம் பேரிங், பிரேக்கு, சக்கரம் என்று எதையோ ஆரம்பிப்பார். இவன் "ம்" கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, நிமிராமல் தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றாள் அவள். அந்த நன்றி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பாவின் வேலை மேசையில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக ஈரத்துணியில் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. வெல்டர் ஒரு பெட்டியோடு வந்தான். ஆள் தடியன், பேசும்போது மட்டும் குரல் சின்னதாக வந்தது.

"அண்ணே, ஸ்பேனர் மாமாவோட சாமான் எல்லாம் நான்தான் தொடச்சு வெச்சேன். அழுக்கா இருந்தா அவருக்கு ஆகாது. என்னை 'டேய் நெருப்புக்கோழி'ம்பார். நான் வெச்ச பத்து ஒட்டுல நாலை ஒடச்சுப் போட்டு, மறுபடி வைடாம்பார்."

"ம்."

"அன்னைக்குப் பன்னண்டு மணிக்கு நான்தான் டீ கொண்டுபோனேன். கண்ணை மூடியிருந்தார். சரி, நாற்காலியோட பேசிட்டு இருக்கார்னு பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் பாத்தா ஆறிக் கெடக்கு. ஆறின டீ அவருக்குப் பிடிக்காதுல்ல? அதைக் கொட்டிட்டு வேற கொண்டுவந்து, தட்டு போட்டு மூடி வெச்சேன்." வெல்டர் மூக்கை உறிஞ்சினான். "ரெண்டு தடவைண்ணே. ரெண்டு தடவை போயும் தொட்டுப் பாக்கல. மனுசனா நான்?"

உயிரில்லாதவருக்குச் சூடாக டீ மாற்றி வைத்த ஒருவன் தன்னை மனிதனா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். இவன் கையில் எடுத்திருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.  பிறகு நேராகப் பொறுப்பாளர் அம்மாளிடம் போனான்.

"அக்கா, அந்தத் தாளைக் குடுங்க."

"ஏன் தம்பி, ஏதாவது தப்பா எழுதியிருக்கேனா?"

"நீங்க எழுதல. நான்தான் எழுதாம விட்டுட்டேன்." பேனாவை எடுத்தான். "அன்னைக்கு இங்க நேரம் பதினொண்ணு இருபதுக்கு அப்பா எனக்கு வீடியோவுல கூப்பிட்டார். முகமெல்லாம் வேர்த்து ஊத்திட்டு இருந்துச்சு. 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா'ன்னார். நான், 'வேர்க்குதுல்ல, ஃபேனைப் போட்டுக்கங்கப்பா'ன்னுட்டு வெச்சுட்டேன்."

"வேலையில இருந்திருப்பீங்க..."

"எதிர்ல ஒரு பெரிய வாடிக்கையாளர் உக்காந்திருந்தார். அவர்கிட்ட அப்பாவை ஆலோசகர்னு சொல்லி வெச்சிருந்தேன். அப்பா போட்டிருந்தது கிரீஸ் சட்டை. அவர் கண்ணுல படக்கூடாதுன்னு போனைக் கவுத்து வெச்சேன். உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நீங்க ஓடியிருப்பீங்க. நம்பரும் என்கிட்ட இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் அவள் தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"இதை எழுதித்தான் ஆகணுமா தம்பி? போனவரு போயிட்டாரு."

"எழுதணும்க்கா."

அவளுடைய கையெழுத்துக்குக் கீழே நான்கு வரி எழுதினான். பதவி விலகுவதாக அவள் எழுதியிருந்த வரியைக் காட்டி, "இதை அடிச்சிருங்க" என்றான். அவள் தலையை ஆட்டினாள். சம்மதமா, மறுப்பா என்று தெரியவில்லை. ஆனால் தாளை உறையில் போட்டு ஒட்டாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்பு பட்டறையை மூடினார்கள். அப்பாவுக்காக எல்லோரும் சேர்ந்து கும்பிடப் போகிறார்கள். அவனையும் கூப்பிட்டார்கள்; சாமான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டான். பொறுப்பாளர் அம்மாள் சாவியைக் கொடுத்தாள்.

"ஏர்போர்ட்டுக்கு அஞ்சு மணிக்கு வண்டி வரும். பூட்டிட்டுச் சாவியை ஜன்னல் வழியா உள்ள போட்டுருங்க." போகிறபோது ஒரு மூலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "அவர் கடைசியா உக்காந்த அந்த நாற்காலி ஒரு தையல்காரம்மாவுக்குன்னு ஒதுக்கினது. நாலு மாசமாக் காத்திருக்காங்க. நாளைக்கு அனுப்பணும். ஆனா எட்டு மணி நேரம் முடியல. இங்க யாருக்கும் அதுல உக்கார மனசு வரல. வேற ஒண்ணு தயாராகட்டும்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

அவர்கள் போனபிறகு மூலைக்குப் போனான். நீல இருக்கை. கைப்பிடியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. அதில் பென்சிலால் எட்டுக் கட்டங்கள். முதல் மூன்றில் மட்டும் குறுக்குக் கோடு. அப்பாவின் கோடு, கொஞ்சம் சாய்ந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவன் உட்கார்ந்தான்.

முதல் ஒரு மணி நேரம் அழுகைதான் வந்தது. இரண்டாவதில் தாகம். தண்ணீர்ப் பானை மேடைமேல் எட்டாமல் இருந்தது. எழுந்தால் இரண்டு எட்டு. எழவில்லை. கைபேசி ஒருமுறை மேசையில் அதிர்ந்தது. சக்கரத்தை உருட்டிப் போவதற்குள் நின்றுவிட்டது. மூன்றாவது மணியில் வலது தொடைக்கு அடியில் என்னவோ குத்த ஆரம்பித்தது. கையால் தடவினால் அகப்படவில்லை. கண்ணை மூடினான். அப்போது தெரிந்தது: பக்கத் தகட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு போல்ட்டின் முனை, நெல்மணி அளவுக்கு நீண்டிருந்தது. ஒரு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அது தெரியாது.

உட்கார்ந்தபடியே மேசைக்கு உருண்டுபோய் அரம் எடுத்தான். வங்கிக்காரன் கை, இரண்டு விரலில் தோல் உரிந்தது. தேய்த்தான், தடவிப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். வழவழப்பானபிறகு சாய்ந்து உட்கார்ந்தான். மணிக்கு ஒரு கோடு.

எட்டாவது கோட்டைப் போட்டபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அட்டையில் சோதித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முன்பே இருந்தது. அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. எழுந்தபோது கால்கள் மரத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்த அரத்தூளைப் பெருக்கினான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய், நாளைக்குப் போக வேண்டியவற்றின் வரிசையில் கடைசியாக நிறுத்தி பிரேக்கைப் போட்டான்.

நீல இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்த பள்ளம் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அது சமமாகும்வரை நின்றான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்டினான்.