தள்ளி நிற்கிற பிள்ளை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒத்துக்கொள்வேன், பிறர் சொன்னால்தான் சண்டைக்குப் போவேன். என் மகளைப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கப் போன அன்று அந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

சேர்க்கை வேலையெல்லாம் முடிந்து கடைசியாகத்தான் காப்பகத்து மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பிள்ளைங்க விளையாடும்போது போட்டோ எடுத்து, பெற்றோர் குரூப்ல தினமும் போடுவோம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"வேணாம்," என்றேன்.

"எல்லாரும் ஆசையாப் பார்க்கிறாங்க. நீங்களும் வேலைக்கு நடுவுல பார்த்துக்கலாமே."

"மேடம், என் பொண்ணோட விரல் நுனி கூட யார் போன்லயும் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

மேடம் உடனே படிவத்தில் அதைக் குறித்துக்கொண்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

இதற்குப் பின்னால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. வெறும் ரோஷம். நானும் என் கணவரும் பிரிந்த சமயத்தில் என் நாத்தனார் ஒரு வேலை பார்த்தாள். என் மகள் பட்டாணி மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்த ஒரு படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, "தாயோட வீம்புக்குப் பிள்ளை அழுகுது" என்று கீழே எழுதிவிட்டாள். பட்டாணி என்பது நாங்கள் வைத்த செல்லப்பெயர். ஆளாளுக்கு வந்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இனி என் பிள்ளையின் படம் எவர் கண்ணிலும் படாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். நாத்தனார் மேல் இருந்த கோபத்தை நாத்தனாரிடமே கொட்டித் தீர்த்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம் ஓய்ந்து, ரத்தக் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்ட பிறகுதான் கையுறையைக் கழற்றிப் போனைத் தொட முடியும். அந்த நேரம் பார்த்துக் காப்பகத்துப் படங்கள் வந்து விழும். விடுமுறை அறிவிப்புகள் தெரிய வேண்டும் என்று என்னையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள்.

படம் எடுக்கிற மிஸ் சின்னப் பெண்தான், ஆனால் நல்ல கை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்கிற ரகம் இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, பிள்ளைகளின் கண் உயரத்திலிருந்து எடுப்பாள். கட்டைக் கோபுரம் சரிகிற நொடி, மணலை வாயில் போட்டுவிட்டு ஒருவன் முழிக்கிற முழி, ஒரே பொம்மைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டுவது, எல்லாம் அப்படியே விழுந்திருக்கும்.

அடுத்தவர் பிள்ளைகளை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? ஆனாலும் பார்ப்பேன். ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி ஓரங்களில் தேடுவேன். ஒரு முழங்கையோ, ஒரு காலுறையோ, பின்னலின் நுனியோ தெரியாதா என்று பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. கொடுத்த வாக்கை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றினார்கள். வேண்டாம் என்றவளும் நான்தான், தேடித் தேடி ஏமாந்தவளும் நான்தான். கூட வேலை செய்கிறவள் ஒருநாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இதுல உன் பொண்ணு எங்கடி?" என்றாள். "கை கழுவப் போயிருப்பா," என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

பட்டாணிக்கு மூன்று வயது முடிந்த பிறகு ஒரு விடுமுறையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் பிள்ளைகளோடு கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் அடுக்களை வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால், அவள் மட்டும் கதவுக்குப் பின்னால் தனியாக நிற்கிறாள். அண்ணி போனும் கையுமாகக் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காத," என்றாள் அண்ணி. "பிள்ளை யார்கூடயும் ஒட்ட மாட்டேங்குது. போன தடவையும் இப்படித்தான், பாதி விளையாட்டுல எழுந்து போயிட்டா. ஒரு டாக்டர்கிட்டக் காட்டேன்."

"உங்க பிள்ளைங்க மாதிரி என் பொண்ணும் கட்டிலை உடைக்கணுமா அண்ணி? அவ அமைதியான பிள்ளை."

வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மிஸ்ஸிடம் கேட்டேன். "நல்லா விளையாடுறாக்கா. அவ மாதிரி சமத்து கிடையாது," என்றாள். இதைத்தானே எல்லா அம்மாவிடமும் சொல்வார்கள் என்று நினைத்தேன். மற்ற அம்மாக்களிடம் அத்தாட்சியாகக் கை நிறையப் படம் இருந்தது. என்னிடம் மிஸ்ஸின் வாய்வார்த்தை மட்டும்தான்.

காப்பகத்துக்கு அவ்வப்போது குழந்தை வளர்ச்சி ஆலோசகர் ஒருவர் வருவார். என் மகளைப் பார்க்கச் சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். வயதான அம்மா, பொறுமையாகப் பேசுகிறவர். பிள்ளை விளையாடுவதை டேப்லெட்டில் வீடியோ எடுத்துப் பிறகு நிதானமாகப் பார்ப்பது அவர் வழக்கம். "நான் மட்டும்தான் பார்ப்பேன், அப்புறம் அழிச்சிடுவேன்," என்றார். டாக்டர் விஷயம் என்பதால் சரி என்றேன். அன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அலுவலக அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றிப் பிள்ளைகள், கையில் புனலும் கரண்டியும் ஓட்டைக் கோப்பையும். பட்டாணி ஒரு பையனின் புனலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் புனலைத் தூக்கிக் காட்ட, இவள் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணி இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆலோசகர் டேப்லெட்டைத் தூக்கினார்.

பட்டாணி கோப்பையைக் கீழே வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். செருப்பு அலமாரி ஓரமாகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தப் பையன் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்லெட் இறங்கிய பிறகு எழுந்து வந்து விட்ட இடத்தில் தொடங்கினாள். ஆலோசகர் மறுபடி தூக்கியபோது மறுபடியும் எழுந்து போனாள். அப்போது ஓரமாக நின்றிருந்த மிஸ்ஸின் கை, ஈ ஓட்டுவதுபோல லேசாக அசைந்ததைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, என்னவென்று யோசிக்கவில்லை.

"பயப்படாதீங்க," என்று தொடங்கினார் ஆலோசகர். அப்படித் தொடங்கினாலே பயம் வந்துவிடுகிறது. "விளையாட்டை ஆரம்பிக்கிறா. ஆனா அதுல நிலைச்சு இருக்க மாட்டேங்கிறா. நடுவுல விட்டுட்டுப் போயிடுறா, கூப்பிட்டாலும் திரும்பல. அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேர்க்க அவசரப்பட வேணாம். தனிப் பயிற்சி மையம் ஒண்ணு இருக்கு, கொஞ்ச நாள் அங்க விட்டுப் பார்க்கலாம்."

"இங்கேயிருந்து நிறுத்தணுமா?"

"ரெண்டு இடம் பிள்ளைக்குக் கஷ்டம்."

சரி என்று தலையாட்டினேன். யாரிடமும் எதிர்த்துப் பேசாமல் நான் தலையாட்டியது அன்றைக்குத்தான். அப்பா இல்லாமல் வளர்த்ததால் வந்ததா, நாள் முழுக்க வேலையென்று விட்டுவிட்டுப் போனதால் வந்ததா என்று மனசு போட்டு உலுக்கியது. நாத்தனார் எழுதியது உண்மைதானோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பட்டாணி காலடியில் உட்கார்ந்து துணிக் கிளிப்புகளை வரிசையாக நிறுத்தினாள். சோப்பு டப்பாவை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல, ஒரு மஞ்சள் கிளிப்பை மட்டும் எடுத்துக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தாள்.

"அது ஏன்டி அங்க இருக்கு?"

"போட்டோ எடுக்கிறாங்கல்ல."

"எடுத்தா?"

"இது தள்ளிக்கணும். முடிஞ்சதும் வரலாம்."

"அழுவுதா அது?"

"அழாது. சமத்துப் பாப்பா," என்றாள் என் மகள்.

கையிலிருந்த ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வாசலிலேயே மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். மற்ற பெற்றோர்கள் நிற்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை. "என் பிள்ளையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? போனைக் கண்டா எழுந்து ஓடுறா. தினமும் துரத்தினீங்களா?"

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. "துரத்தலக்கா. நீங்கதான விரல் நுனி கூட விழக் கூடாதுன்னு சொன்னீங்க. முதல்ல தூக்கித் தள்ளி உட்கார வச்சோம். அப்புறம் 'பட்டாணி, தள்ளிக்கோம்மா'ன்னு சொன்னாலே போயிடுவா. ஒருநாள் நாங்க சொல்றதுக்கு முன்னாடியே அவளே போயிட்டா. எல்லாரும் கை தட்டினோம்க்கா. அவ்வளவு சந்தோஷப்பட்டா."

"நேத்து அந்த அம்மா வீடியோ எடுக்கும்போது கையை ஆட்டினியே?"

"ஆட்டினேனா?" என்று தன் கையையே பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. "பழக்கதோஷம்க்கா. தப்புன்னு தோணவே இல்ல. எந்தப் படத்துலயும் அவ வந்துடக் கூடாதுங்கிற பயம்தான் இருந்துச்சு. வந்தா நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. எனக்கு அவளைப் பிடிக்கும்க்கா."

கொட்டித் தீர்க்க இன்னும் எவ்வளவோ வைத்திருந்தேன். ஆனால் இந்தப் பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு நாளைக்கு எத்தனை முறை போனைத் தூக்கியிருப்பார்கள், அத்தனை முறையும் என் பிள்ளை விளையாட்டை விட்டு எழுந்திருக்கிறாள். நான் சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு படங்களின் ஓரத்தில் அவளைத் தேடிய நேரமெல்லாம், அவள் அந்த ஓரத்துக்கும் அப்பால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். அங்கே அவளை உட்கார வைத்தது மிஸ் இல்லை, என் வாய். வாசலில் நின்று அழுதேன். மிஸ்ஸும் அழுதாள். உள்ளே போகிற பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஆலோசகரிடம் மேடமே போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அவர் மறுபடியும் வந்தார், இந்த முறை வெறுங்கையோடு. காலை முழுக்க மணல் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பட்டாணி ஒருமுறைகூட எழுந்து போகவில்லை. யாரோ மண்ணைத் தட்டிவிட்டதற்குச் சண்டை வேறு போட்டாள்.

"உங்க பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் ஆலோசகர். "நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இங்கேயே இருக்கட்டும். அந்தப் பழக்கத்தை மட்டும் மாத்தணும். உடனே போகாது, கட்டாயப்படுத்தாதீங்க."

மையம் இல்லை, பள்ளியும் தள்ளிப் போகாது. அன்றே மேடமிடம் போய், இனி என் மகளையும் படம் எடுக்கலாம் என்று சொன்னேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அது உடனே நடந்தாக வேண்டும்.

அந்த வாரமே ஒருநாள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். மிஸ் உள்ளேயே வரச் சொன்னாள். விளையாட்டு அடுப்பு வைத்திருந்த மூலையில் நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். பட்டாணி எனக்குக் காலிக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தாள். "சூடா இருக்கு, ஊதிக் குடி," என்றாள். நான் ஊதி ஊதிக் குடித்தேன். பிறகு அவளாகவே வந்து என் மடியில் உட்கார்ந்து, முதுகை என் மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் தலையில் மணல் இருந்தது.

"மிஸ், எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்களேன்," என்றேன்.

மிஸ் தயங்கினாள். பிறகு வழக்கம்போலத் தரையில் படுத்துப் போனைத் தூக்கினாள்.

மடியில் இருந்த கனம் இறங்கியது. அழுகை இல்லை, அடம் இல்லை, பயம்கூட இல்லை. பட்டாணி எழுந்து, செருப்பு அலமாரி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

"வாடி தங்கம். உன்னையும்தான் எடுக்கிறாங்க. அம்மாதான் எடுக்கச் சொன்னேன்."

அவள் தலையாட்டி மறுத்தாள். ஒன்றும் தெரியாத அம்மாவுக்குச் சொல்லித் தருகிற முகம். "நீ இரும்மா. நான் தள்ளிக்கிறேன்."

நான் கையை நீட்டியபடியே இருந்தேன். மிஸ்ஸுக்குப் போனை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பட்டாணி முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துக் கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"சீக்கிரம் எடு மிஸ். நான் அம்மா மடிக்குப் போகணும்."