சோல்மோனின் ஐம்பது கஜம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது, கதை அவளுடையது.

சோல்மோன் மங்கோலியப் பெண். இருபத்திரண்டு வயது. மண்ணியல், கடைசி வருடம். அமெரிக்கச் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடங்களிலும் தேறினால் மட்டும் பட்டம் கிடைக்காது. குளத்தில் ஐம்பது கஜம் நீந்தியும் காட்ட வேண்டும். எந்தக் காலத்திலோ போட்ட விதி. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விலக்குப் படிவங்களை வாங்கி வைப்பது என் வேலை. மார்ச் மாதத்து மதியம் ஒன்றில் அவள் நீட்டிய படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இதுல என்ன எழுதறதுன்னு தெரியல சார்."

"நீச்சல் தெரியாதா?"

"தெரியாது."

"அது காரணம் ஆகாது. உடம்புக்கு ஏதாவது இருக்கணும். காதுல சீழ்னு எழுதுங்க. டாக்டர் சீட்டு ஒண்ணு வாங்கிக்கலாம். யாரும் காதுக்குள்ள எட்டிப் பாக்கப் போறதில்ல."

"இதுக்கு முன்னாடி யாராவது அப்படி எழுதியிருக்காங்களா?"

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு இதே கட்டத்தில் இதே காதை எழுதிப் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார்" என்றாள். போய்விட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆறு வயதில், உறைந்த ஆற்றின் மேல் ஓடும்போது பனி உடைந்து சோல்மோன் உள்ளே விழுந்தாள். யாரோ ஒருவர் அவள் சடையைப் பிடித்து

நல்ல தொடக்கம்தான். பயத்துக்கு ஒரு காரணம் அகப்பட்டுவிட்டால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அவளிடமே கேட்டபோது சிரித்துவிட்டாள்.

"நான் எதுலயும் விழல சார். எங்க ஊர் சாயின்ஷாந்த். சுத்தி கோபிப் பாலைவனம். விழறதுக்கு அங்க தண்ணி எங்க இருக்கு?"

[வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தச் சடையை விட எனக்கு இன்னும் மனமில்லை.]

3

காரணமே இல்லாத பயம். ஆழமான பக்கம் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய கவலை அம்மா.

அம்மா டுல்மா ரயிலில் பெட்டிப் பணியாளர். பயணிகளுக்குப் போர்வை கொடுப்பது, வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது. மகளைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. ஒருமுறை விசா மறுத்தார்கள்; இந்த முறை கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மாலை ஆறு மணி என்றால் அவருக்கு மறுநாள் காலை ஏழு. ஓடும் ரயிலிலிருந்துதான் பேசுவார்.

"பட்டம் குடுக்கறப்ப நான் முன்வரிசையில உக்காரணும். இப்பவே சொல்லிட்டேன்."

"அம்மா, ஒண்ணு பாக்கி இருக்கு."

"எந்தப் பாடம்?"

"நீச்சல்."

மறுமுனையில் சிரிப்பு, தண்டவாளச் சத்தம். "ஏண்டி, மண்ணப் படிக்கத்தானே போன? உன்ன என்ன மீனாக்கி அனுப்பப் போறாங்களா?"

"அக்கரை போய்த் திரும்பி வந்து சுவத்தத் தொட்டாத்தாம்மா பட்டம்."

"தொடலன்னா?"

அந்தக் கேள்வியோடு ரயில் பாலைவனத்துக்குள் போய்விட்டது. தொடர்பு அறுந்தது. தொடாவிட்டால் மே மாதம் பட்டம் இல்லை. அம்மா அவ்வளவு தூரம் வந்து அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். சோல்மோன் ஊமைப் போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள். அறுத்த சோளத்தாள்களுக்கு இடையில் பனி உருகிக்கொண்டிருந்தது. ஒரு மரம்கூட இல்லாத அந்தத் தட்டை நிலம், ஆவி எழும்பிய மாலையில், அவளுக்குச் சாயின்ஷாந்த் மாதிரியே தெரிந்தது. எந்த நாட்டில் நடக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்து போயிற்று.

4

செவ்வாய்க்கிழமை மதியங்களில் குளத்தில் ஆள் இருக்காது. காவலுக்கு பிரென்னா என்ற முதலாண்டு மாணவி. பதினெட்டு வயது, பன்றிப் பண்ணைக்காரர் மகள், வாயில் எப்போதும் சூயிங்கம். சோல்மோன் அவளிடம் போய் நீச்சல் கற்றுத்தரக் கேட்டாள். [எனக்கு எப்படித் தெரியும்? பார்வையாளர் மாடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு நானும் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வாரம்.]

"முகத்த உள்ள வை."

"மூச்சு?"

"சுடுற சூப்ப ஊதுவல்ல? அப்படி ஊது."

"நான் உன்னவிட நாலு வயசு பெரியவ, தெரியுமா?"

"தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது. உள்ள வை."

முதல் வாரம் குடித்த தண்ணீர்தான் மிச்சம். இரண்டாவது வாரம் குளத்தின் விளிம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிரென்னா பக்கத்தில் உட்கார்ந்து, தன் பண்ணையில் ஒரு பன்றி எருக்குழியில் விழுந்து நீந்திக் கரையேறிய கதையைச் சொன்னாள்.

"அதுக்கு யாரு கத்துக் குடுத்தா? யாருமில்ல."

"என்னப் பன்னிங்கறியா?"

"பன்னி அழல, அதச் சொன்னேன்."

மூன்றாவது வாரம் மல்லாந்து மிதந்தாள். காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகம் அணைந்தது. மேலே கண்ணாடிக் கூரை, அதன்மேல் மேகங்கள். குழாய்களில் நீர் ஓடும் ஓசை எங்கோ தொலைவில் ரயில் போவதைப் போலக் கேட்டது. அவள் உடம்பு எடையை மறந்து, பிறகு பெயரை மறந்து

இந்த வாக்கியத்தை நான் முடித்தால் கெட்டுப்போகும்.

5

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்குச் சோதனை. முந்தின நாள் வந்திறங்கிய டுல்மா நீலப் பட்டு அங்கியில் குளத்தோரம் நின்றார். கையில் கடையில் வாங்கிய சின்னப் பால் டப்பா. மகள் இறங்கும் முன், பயணம் போகிறவர்களுக்கு அவர்கள் ஊரில் செய்வதுபோல, விரல்நுனியால் மூன்று சொட்டுப் பாலைத் தண்ணீரில் தெளித்தார்.

"ஹலோ! குளத்துல பால் ஊத்தக் கூடாது!" என்று பிரென்னா விசிலை ஊதினாள்.

டுல்மாவுக்குப் பாஷை புரியவில்லை. "என்னடி சொல்றா இவ?"

"ஆசீர்வாதம் பண்றாம்மா."

அப்படியே சோல்மோன் குதித்தாள். போகும்போது இருபத்தைந்து கஜம், கோணல்மாணலாக, ஆனாலும் போய்விட்டாள். திரும்பும்போது பாதி வழியில் கை ஓய்ந்தது. ஆழமான இடம். தலை ஒருமுறை முங்கியது. பிரென்னா நீண்ட கழியை எடுத்தாள். டுல்மா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் கழியைப் பிடிக்கவில்லை. மெதுவாகப் புரண்டு மல்லாந்தாள்.

"மிதக்கலாம்! பக்கத்துக் கயித்த மட்டும் தொடாத, தொட்டா தேறாது! நேரக் கணக்கு கிடையாது!" பிரென்னாவின் குரல் கூரையில் மோதி மோதி இறங்கியது.

6

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் சுவரைத் தொடுகிறாள். ஒன்றில் கயிற்றைப் பிடிக்கிறாள். மூன்றாவதில் நான் படியிறங்கி ஓடி— அது வெட்கக்கேடு, கிழித்துப் போட்டேன்.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தபோது அவள் சொன்னாள்:

"மிதக்கற எடத்தோட நிறுத்துங்க சார்."

"படிக்கறவங்க சுவத்தத் தொட்டாளான்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். அவங்களுக்கு எது தோணுதோ அதுவே இருக்கட்டும். எனக்கு பயம் போனது அங்கதான். அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்க ஆபீசுக்குத்தான் வேணும்."

ஆகவே அங்கேயே விடுகிறேன். சுவர் இன்னும் பத்து கஜம் தள்ளி இருக்கிறது. பிரென்னா கழியோடு கரையில் அவளுக்கு இணையாக ஓரோர் அடியாக நடக்கிறாள். டுல்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விடுகிறார். குளிர்கிறது போலும். ஆனாலும் எடுக்கவில்லை.