மிஞ்சிய ஸ்பிரிங்

என் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். மெக்கானிக்கைத் தேடுகிறார்களாம். கழுத்தில் அளவு டேப்போடு அன்று வந்த டெய்லர் அப்படிப் பார்க்கவில்லை. பழைய பிஎம்எக்ஸ் சைக்கிளின் பின்சக்கரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கரகரன்னு சத்தம் வருதுக்கா. அதை நிறுத்திக் குடுங்க."

"டயர்ல தூசி அப்பிக் கிடக்கு. ஓடாத சக்கரத்துல சத்தம் எங்கேருந்து வருது?"

"ஜன்னலோரமா மாட்டியிருக்கேன். காத்துல தானா சுத்துது. சத்தம் கேட்டா அம்மா, சின்னவன் வந்துட்டான்னு வாசலுக்கு ஓடுறாங்க."

சின்னவன் அவருடைய தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சைக்கிளில் இறக்கத்தில் வந்து, கீழே இருக்கும் கிடங்குச் சுவரில் மோதிச் செத்துப்போனான். சைக்கிளில் கைபிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் நிற்கும், அவ்வளவுதான்.

தலைமேல் நின்றால் எனக்குக் கை ஓடாது. வெளியே உட்காரச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றுக்கூடப் போகாமல் முனகி நின்றது. பிரித்தால் அச்சைத் தாங்கும் கோன் முழுக்கக் குழி, பேரிங் குண்டுகள் தேய்ந்து ஆளுக்கொரு அளவில் இருந்தன. இந்த லட்சணத்தில் இருக்கும் சக்கரத்தைப் புயலே அடித்தாலும் காற்று சுற்றாது. அப்படியென்றால் வீட்டில் அதைச் சுற்றுவது யார்? அதை அவரிடம் கேட்கவில்லை.

அப்போதுதான் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்.

"இது இல்லேன்னா பிரேக் பிடிக்குமாக்கா?"

"பிடிக்காது. பெடல் பின்னால சும்மா சுத்தும். ஏன்?"

சொன்னார். விபத்துக்கு முந்தின நாள் அவர்தான் இதைப் பிரித்து எண்ணெய் போட்டாராம். பட்டன் டப்பா மூடியில் பாகங்களைக் கொட்டி வைத்து, திரும்ப மாட்டி முடித்தபோது இது மட்டும் மூடியில் மிஞ்சிக் கிடந்தது. காலையில் தம்பியிடம் கேட்கலாம் என்று படுத்துவிட்டார். அவர் எழுவதற்குள் சின்னவன் போய்விட்டான்.

"அம்மாகிட்ட மறைக்காம சொன்னேன். அன்னிக்கிலேருந்து எனக்கு மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. இப்ப வெளியில கார்ல உக்காந்திருக்காங்க. மெக்கானிக் வாயால கேக்கணுமாம்."

டார்ச்சை எடுத்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் அடித்தேன். அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஸ்பிரிங் அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. புதுசு. அவர் கையில் இருந்ததோ வாய் பிளந்து, முனை தேய்ந்த பழசு. சின்னவன் அதற்கு முன்னமே எப்போதோ தானே புதுசு மாற்றிவிட்டுப் பழசை அந்த மூடியில் போட்டிருக்கிறான்.

"அட கூறுகெட்ட மனுஷா! இதுக்கா மூணு வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க? நீங்க எதையும் விடல. என்னைவிட ஒழுங்கா மாட்டியிருக்கீங்க!"

அவர் நம்பவில்லை. வேறு கோனும் குண்டுகளும் போட்டு, பழைய பிரேக் பாகங்களையே மாட்டி, பல்சக்கரத்தைப் பின்னால் தள்ளிக் காட்டினேன். சக்கரம் டக்கென்று நின்றது. அவரும் தள்ளிப் பார்த்தார். நின்றது. முக்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெரிய புண்ணியம் செய்துவிட்ட சந்தோஷம்.

"அந்த இறக்கத்துலயும் இது நின்னிருக்குமாக்கா?"

"பின்னே? அடிச்சு வச்ச மாதிரி நின்னிருக்கும்!"

அவர் அழுகை நின்றது.

"அப்போ அவன் பிரேக்கே பிடிக்கலையா?"

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். "செயின் கழண்டிருக்கும்," என்றேன் அவசரமாக.

"செயின் மாட்டினபடிதான் இருந்துச்சு. சைக்கிளைத் தூக்கிட்டு வந்தவனே நான்தான்."

அவர் பல்சக்கரத்தை இன்னொரு தரம் பின்னால் தள்ள, சக்கரம் மறுபடி டக்கென்று நின்றது. கடையை மூடிவிட்டு எங்காவது ஓடிவிடலாம்போல் இருந்தது.

"அம்மாகிட்ட ஸ்பிரிங் இல்லைன்னு சொல்லிடுங்க," என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? பழி உங்க தலைமேலயே நிக்குமே!"

"நிக்கட்டும்கா. இதை அவங்க தாங்க மாட்டாங்க."

பதில் சொல்வதற்குள் அந்த அம்மா வண்டியை விட்டு இறங்கி வாசலுக்கே வந்துவிட்டார். ஒடிசலான உடம்பு. மகன் நிற்கும் பக்கம் கண் போகவில்லை.

"பாத்தியாம்மா?"

வேலை விஷயத்தில் நான் பொய் சொல்கிறவள் இல்லை. யார் முகம் சுண்டினாலும் உள்ளதைச் சொல்லிப் பல வாடிக்கையாளரை இழந்தவள்.

"பாத்தேன்மா. ஸ்பிரிங் இல்ல. பிரேக் பிடிச்சிருக்காது."

"எம் புள்ள மிதிச்சுப் பாத்திருப்பான்ல? நிறுத்தணும்னு?"

"கண்டிப்பாம்மா."

"வீட்டுக்கு வரணும்னுதானே பாத்திருப்பான்."

"ஆமாம்மா."

அவர் முகம் இளகியது. என் எண்ணெய்க் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். டெய்லர் ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா வண்டியைச் சுற்றிப் போய், பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.