இசையறையில் விழுந்த அடி

செட்சுகோ இவாமுரோ பதினாறு வருடமாக ஒசாகாவின் ஊதுகருவி இசைக்குழு ஒன்றில் முதல் ட்ரம்பெட் வாசித்துவந்தாள். பள்ளிகளுக்கான கோடை இசைப்போட்டி நெருங்கினால் குழுவினர் ஆளுக்கொரு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அந்த ஜூலையில் அவளுக்கு வாய்த்தது பக்கத்து ஊரான சகாயில் ஒரு நடுநிலைப்பள்ளி. தொடர்ந்து ஐந்து வருடம் தங்கப் பரிசு வாங்கிய பள்ளி. வாங்கிக்கொடுத்தவர் இசை ஆசிரியர் ஹகனுமா.

காலையிலேயே அவளுக்கு உறுத்தியது. ட்ரம்பெட் பிள்ளைகள் ஆறு பேரில் நான்கு பேருக்கு உதட்டில் வெட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டால், "விழுந்துட்டோம்" என்றார்கள், நான்கு பேரும் ஒரே மாதிரி.

மதியம் ஹகனுமா எல்லோரையும் சேர்ந்து வாசிக்கவைத்தார். ஃபுயு என்ற பெண் ஓரிடத்தில் அரைத்தாளம் முந்திவிட்டாள். அவர் இறங்கி வந்தார். அவள் கருவியை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. உள்ளங்கையால் அதன் அகன்ற முனையில் ஓங்கி அறைந்தார். பித்தளை பல்லில் மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாடை வழியே ரத்தம் இறங்கியது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" ஐம்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

செட்சுகோ நடுவில் போய் நின்றாள். "போதும் சார். இவளால இன்னிக்கு ஊத முடியாது."

"உங்க குழுவுல உங்கள யாரும் அடிச்சதில்லபோல. அதான் வாசிப்பு அவ்ளோ சாதுவா இருக்கு. நகருங்கம்மா."

"நகர மாட்டேன்."

ஹகனுமா இசைத்தாள் வைக்கும் இரும்புத் தாங்கியைத் தூக்கி ஃபுயுவை நோக்கி வீசினார். அது செட்சுகோவின் முகத்தில் விழுந்தது. முன்பற்கள் இரண்டு வாய்க்குள்ளேயே முறிந்தன. முன்பல் போனால் ஒரு ட்ரம்பெட்காரியின் வாசிப்பு என்ன ஆகும் என்று தரையில் விழும்போதே அவளுக்குத் தெரிந்தது. எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவர் மூக்கில் குத்தினாள். மறுபடி குத்தினாள். எலும்பு நொறுங்கியது விரலில் உறைத்தது. மூன்றாவது குத்து தேவையில்லை என்று தெரிந்தே குத்தினாள். அவர் பெரிய முரசின் மேல் சரிந்தார்.

பிள்ளைகள் யாரும் அசையவில்லை. கருவிகள் உதட்டிலேயே இருந்தன.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "ரெண்டு பேரும் விழுந்துட்டீங்கன்னு எழுதிக்கலாமா?"

செட்சுகோ தலையாட்டி மறுத்தாள். போலீசாரிடம் மூன்றாவது குத்து உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தாள். ஹகனுமாவுக்கு வேலை போனது. அவள் மேலும் வழக்கு பதிவானது. குழு அவளைப் பள்ளிகளுக்கு அனுப்புவதை நிறுத்தியது.

அந்த வருடம் பள்ளிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. பல் மருத்துவமனை வாசலில் ஃபுயுவின் அம்மா செட்சுகோவை மறித்தாள்.

"என் பொண்ணு மூணு வருஷமா வாங்கின அடியெல்லாம் வீணாப்போச்சு."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

பொய்ப்பற்களோடு பத்து மாதம் கழித்து ஊதியபோது மேல் ஸ்தாயி எட்டவில்லை. செட்சுகோ முதல் ட்ரம்பெட்டிலிருந்து, கீழ் ஸ்தாயி வாசிக்கும் மூன்றாம் இருக்கைக்கு மாறினாள். ஃபுயு ட்ரம்பெட்டை விட்டு நீச்சலில் சேர்ந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். "நல்லா நீந்துறாளா?" என்று மட்டும் கேட்டாள் செட்சுகோ.