மூன்றாம் பெயர்

கட்டுரை திரும்பி வந்த அன்று றமீலா ஆய்வுகூடத்திலேயே உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். வருடக்கணக்கில் ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களின் ஓடைகளில் இறங்கி நின்று எழுதிய கட்டுரை அது. தேயிலைக்கு அடிக்கும் களைக்கொல்லி கலந்த ஓடைகளில் தும்பிகளின் இளம் புழுக்களான குடம்பிகள் செத்துப்போகின்றன. அதே தண்ணீரைத்தான் லயங்களில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் கீழே பீலிக் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். இவ்வளவுதான் அவள் சொன்னது.

அந்த வெளிநாட்டு இதழில் எழுதியவரின் பெயரும் ஊரும் தெரிந்தேதான் மதிப்பிடுவார்கள். மதிப்பீட்டாளர் இப்படி முடித்திருந்தார்: ‘கண்டியில் இவ்வளவு நுணுக்கமாக அளக்க வசதி இருக்குமா என்பது சந்தேகம். இப்பெண்மணி அனுபவமுள்ள ஆண் ஆய்வாளர் ஒருவரை, முடிந்தால் வெளிநாட்டவரை, சேர்த்துக்கொள்வது நல்லது.’ அளவுகளில் இன்ன பிழை என்று அவர் எதையும் காட்டவில்லை.

அவள் கணவன் மகேந்திரராசா அதே பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிப்பவன். யாழ்ப்பாணத்தான். கண்டி மஹய்யாவையில் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த அவளை, தன் வீட்டார் முகம் திருப்பியும் கட்டிக்கொண்டவன். வாசித்ததும் அவளைவிட அவனுக்குத்தான் கோபம் வந்தது.

“மடையன்! உம்மட வேலையில ஒரு பிழை சொல்ல ஏலாமல் இப்பிடி எழுதியிருக்கிறான்.”

அவன் கோபத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

இன்னொரு இதழுக்கு அனுப்பினாள். சின்னத் தீவொன்றின் விஷயம், உள்ளூரிலேயே வெளியிடுங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் மெதுவாகச் சொன்னான்.

“என்ர பேரையும் இங்கிலாந்தில என்னைப் படிப்பிச்ச புரொபெசற்ற பேரையும் போட்டுப் பாப்பமோ? விசயம் வெளியில வரோணும். அதுதானே முக்கியம்?”

“அவரு அந்த ஓடையையே பாத்ததில்லீங்களே.”

“பாக்கத் தேவையில்லை. பேர்தான் தேவை.”

பீலியடியில் குடத்தோடு நிற்கும் பெண்களை நினைத்து அவள் சம்மதித்தாள். பேராசிரியர் முதலில், மகேந்திரராசா அடுத்து, அவள் மூன்றாவது. அவன் சில ஆங்கில வசனங்களைத் திருத்தினான். அளவுகள், படங்கள், முடிவு எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. வேறொரு பெரிய இதழ் உடனே ஏற்றுக்கொண்டது. ‘நம்பகமான, துணிச்சலான ஆய்வு’ என்றார்கள்.

அதைப் பற்றிப் பேச, பேராசிரியரின் பரிந்துரையில், மாநாட்டு அழைப்பு மகேந்திரராசாவுக்கு வந்தது. அவளையும் கூப்பிடச் சொல்லி எழுதிப் பார்த்தான். ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தான்.

வந்தவனுக்குப் பல்கலைக்கழகத்தில் தேநீர் விருந்து வைத்தார்கள். இந்த யோசனை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார்.

“கெமிஸ்ற்றிக்காரன் ஓடையைப் பாத்தால் வேற மாதிரித்தான் தெரியும்,” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பட்டிஸ் பலகாரத் தட்டோடு நின்ற றமீலா, இப்போது தன் பக்கம் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள். “ஓடையில நின்னது நான்தானேங்க?”

“நான் இல்லையெண்டு சொன்னனானோ? ஆனா றமீலா, நான் திருத்தாட்டில் அது வெளிவந்திருக்குமோ? என்ர யோசனையும் அதில இருக்குதுதானே.”

அவன் பொய் சொல்லவில்லை. அதை மெய்யாகவே நம்பினான். முகம் தெரியாத ஒருவன் எங்கோ இருந்து தன்னைச் சந்தேகித்ததை அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். இதைத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மஹய்யாவைக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். ரத்தினம்மா மகளின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

“அடிச்சாரா?”

“இல்லம்மா.”

“குடிக்கிறாரா?”

“அதெல்லாம் இல்ல.”

“அப்பறம் என்னாடி?”

றமீலா தாயின் மடியில் தலையைச் சாய்த்து அழுதாள். ரத்தினம்மா ஒன்றும் விளங்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திரும்பி வந்தபோது மகேந்திரராசா சமைத்து வைத்துக் காத்திருந்தான். சாப்பாட்டு மேசையில் உற்சாகமாகச் சொன்னான்:

“அடுத்தது பன்வில ஓடையள். நீர் தண்ணியை எடுத்துத் தாரும், நான் எழுதுறன்.”

“நான் இனிமே ஓடைக்குப் போகலீங்க.”

அவன் அவளைக் கவலையோடு பார்த்தான்.

“நல்லாக் களைச்சுப் போனீர்,” என்று சொல்லி, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டான்.